நபர் எண்ணிக்கை

முதல் குடிலில் காலணியைக் கழற்றச் சொன்னார்கள்.
சுவரோரம் ஈரக் காலணிகள் வாய் பிளந்து நிற்க,
ரப்பர் மிதியடியில் சறுக்கியபடி மேசைக்குப் போனேன்.
நூலில் கட்டிய பென்சில், நீளமான பதிவேடு:
பெயர். ஊர். எங்கிருந்து. எங்கே.
நபர் எண்ணிக்கை.

"இருவர் என்றல்லவா முன்பதிவு?"
மெங்கியா கேட்டாள், கையில் அகப்பையோடு.
பிப்ரவரியில் இருவர்தான், என்றேன்.
அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.
பழக்கத்தில் 2 என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு 1 போட்டேன்.
எவ்வளவு சின்னக் கோடு அது.
பார்லி சூப் மட்டும்
இருவருக்கான கிண்ணத்திலேயே வந்தது.

எனக்கு மேல்வரியில், முந்தின நாள் தேதியிட்டு,
லாடினா, ஆல்வின் கவீட்செல். நபர் 2.
சாய்ந்த எழுத்து.
என் பாதைதான் அவர்களுக்கும்.

மறுநாள்
ஓரடி ஏறினால் அரையடி வழுக்கும் சரளை.
சங்கிலி பிடித்து ஏறும் இடத்தில்
இரும்பின் குளிர் கையுறைக்குள் வந்துவிட்டது.
மர்மோட் ஒன்று விசிலடித்தது,
என்னையா, மேலே வட்டமிட்ட கழுகையா, தெரியவில்லை.
கணவாய் தாண்டியதும் பாதை நடுவே
ஒரு காலணியின் அடிப்பாகம் மட்டும்,
குதிகாலிலிருந்து விரல்வரை முழுசாக.
இடது. அளவு நாற்பத்து நான்கு.
பசை செத்த மஞ்சள் நுரை பொடிப்பொடியாக உதிர்ந்தது.
மலையில் குப்பை கிடக்கலாகாது என்று
பையில் சொருகிக்கொண்டேன்.

இரண்டாம் குடிலில் நபர் 2.
இம்முறை நிமிர்ந்த எழுத்து, அவனுடையதாய் இருக்கலாம்.
பதினொரு பேர் ஒரே பலகையில் படுத்தோம்.
கம்பளியின் ஒரு முனையில் 'கால்' என்று தைத்திருந்தது,
முந்தையவரின் பாதம் பட்ட பக்கம்
நம் முகத்துக்கு வராதிருக்க.
பக்கத்து இடம் எனக்கென்று ஒதுக்கிய இரண்டாவது இடம்.
மடித்த கம்பளி மடித்தபடி இருந்தது.
அதன்மேல் என் பையைக் கிடத்தினேன்.
இரவெல்லாம் யாரோ குறட்டை விட்டார்கள்;
பை விடவில்லை.

மூன்றாம் குடிலில்
சாய்ந்த எழுத்தில் லாடினா மட்டும்.
2 அடிக்கப்பட்டு 1.
அந்த அடித்தலை எனக்குத் தெரியும்.
பென்சிலின் அழுத்தம்கூட.

வெளியே மழை தடித்துப் பனியானது, ஆகஸ்டில்.
ஃபாத்ரியிடம் கேட்டேன், நேற்று வந்தவள் எப்படி இருந்தாள் என்று.
ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தான்.
"நாற்பது பேருக்குச் சூப்.
அழுதாளா சிரித்தாளா என்று பார்க்க
எனக்கு ஏது கை?"
பிறகு, கத்தி நின்றது.
"ஒட்டுநாடா இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.
பரவாயில்லை, இனி வேண்டாம் என்றாள்."
இனி வேண்டாம்.
விடியும்வரை அதையே புரட்டிப் புரட்டிப் படுத்தேன்.
சண்டையா. சரிவா. தானே திரும்பிப் போனானா.

நான்காம் நாள் புதுப்பனியில்
அவளுடைய தடம்கூட மிச்சமில்லை.
மரக்கம்பங்களின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை
ஒவ்வொன்றாய்த் தேடித் தேடி நடந்தேன்.
குடிலை எட்டியதும்
மிதியடிகூட மாட்டாமல், காலுறையோடே
பதிவேட்டுக்குப் போனேன்.

நபர் 2.

குறிப்பு என்ற கட்டத்தில் நிமிர்ந்த எழுத்து,
கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறியிருந்தது:
'புதுக் காலணி. முந்நூற்றுப் பத்து பிராங்க்.
பள்ளத்தாக்குக்கு இறங்கி, பேருந்து பிடித்து, மறுபக்கம் ஏறி வந்தேன்.
என் பங்குச் சூப்பையும் அவளே குடித்துவிட்டிருந்தாள்.'

உரக்கச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசைச் செக் நாட்டுக் குழு திரும்பிப் பார்த்தது.
சிரிப்பு பாதியில் எங்கோ கால் தவறிற்று.
பென்சிலை எடுத்தேன்.
நபர் 1.
இந்த முறை அடித்தல் இல்லை.

காலையில் பையைக் கவிழ்த்து அடுக்கும்போது
அடிப்பாகம் தரையில் விழுந்தது.
கூட்டிக்கொண்டிருந்த பெண் எடுத்துப் பார்த்தாள்.
உங்களுடையதா, குப்பையில் போடவா?
என்னுடையது இல்லை, என்றேன்.
கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

இறக்கம் ஐந்து மணி நேரம்.
கீழே பசுக்களின் மணி,
வெட்டிய புல்லின் வாசனை,
எதிரே ஏறி வந்தவர்கள் ஒவ்வொருவரும் 'அல்லேக்ரா' என்றார்கள்.
நானும் சொன்னேன்.
முதுகில், ஒவ்வோர் அடிக்கும்,
யாருடைய இடது காலோ
மெல்லத் தட்டிக்கொண்டே வந்தது.